தொண்ணூறு நிமிட நாடாவின் கடைசிப் பாட்டு

அந்த அறையின் கூரையில் நாற்பத்திரண்டு சதுரத் தகடுகள் இருந்தன. ஏழு வரிசை, வரிசைக்கு ஆறு. ஒன்றின் மூலையில் தண்ணீர் கசிந்த மஞ்சள் கறை. எண்ணி முடித்து, சரிபார்க்க மறுபடி தொடங்கியபோது, காது பரிசோதிக்கும் இளம்பெண் தன் கதிரையை ராணியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். உதடு நன்றாகத் தெரியும்படி மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்?"

ராணி என் மனைவி. அவளுடைய வலது காது பத்தொன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. இடது காதை வைத்துக்கொண்டே கல்யாணம் முடித்தாள், பிள்ளை வளர்த்தாள், சிட்னிக்கு வந்தாள், பத்துப்பேர் இருக்கும் சபையில் ஒன்பது பேரின் கதையைப் பிடித்துவிடுவாள். அந்த இடது காதும் கடந்த பத்து வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது. இப்போது காதுக்குள்ளே கருவி வைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். பதினான்கு நாட்கள் இருந்தன.

அந்தப் பெண் விளக்கினாள். வலது காதின் நரம்பு நெடுங்காலம் தூங்கிவிட்டது, அதனால் இடதில்தான் வைப்பார்கள். வைக்கும்போது, அதில் மிச்சமிருக்கிற இயற்கையான கேட்கும் திறன் போய்விடக்கூடும். கருவி பேச்சைக் கொண்டுவந்து தரும். இசை அப்படியல்ல. சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, வந்தாலும் பழைய மாதிரி இருக்காது. ஆகவே பிடித்த பாட்டை இப்போதே ஆசைதீரக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராணி தேவாரம் என்று சொல்லுவாள் என நினைத்தேன். அவள் ஓர் ஆங்கிலப் படத்தின் பெயரைச் சொன்னாள். சரித்திரப் படம், ஒரு யுத்தத்தைப் பற்றியது. "அந்தப் படத்தின்ர பாட்டுகள்" என்றாள் ஆங்கிலத்தில். "முக்கியமா அதில கடைசிப் பாட்டு."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. தன் தகப்பனிடமும் அந்த இசைத்தட்டு இருக்கிறதாம்.

நான் கூரைத் தகடுகளை மறுபடி எண்ணத் தொடங்கினேன். அந்தக் கடைசிப் பாட்டைப் பற்றி நான் ராணிக்கு ஒரு பொய் சொல்லி, அதை இத்தனை காலமாகக் காப்பாற்றி வந்திருந்தேன்.

வெள்ளவத்தையில் ஓர் அறை

படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் நான்கு பேராவது, அதில் பாட்டுகள் இருபத்தெட்டல்ல என்று எனக்குக் கடிதம் போடுவார்கள். இருபத்தெட்டுத்தான். எத்தனை தரம் எண்ணியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

கொழும்பில், வெள்ளவத்தையில், கடலுக்கும் ரயில் பாதைக்கும் பக்கத்தில் ஒரு விடுதி அறையில் விசாவுக்காகக் காத்திருந்தோம். நான், ராணி, ஐந்து வயது மகள் மைதிலி. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு சின்னக் கசற் ரேடியோ. நான் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவன். சங்கிலியின் கண்ணிகளை எண்ணியே சம்பளம் வாங்கியவன். அந்த அறையில் அளக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே ரயில்களை எண்ணினேன்.

அடுத்த அறையில் ஓர் இன்ஜினியர் இருந்தார். கனடாவிலிருந்து அவருடைய தமக்கை அந்தப் படத்தின் பாட்டுகளை அனுப்பியிருந்தார். இரண்டு கசற் கொண்ட ஒரு தொகுப்பு. மனிதர் அதை உயிராக வைத்திருந்தார். எனக்கு ஒரேயொரு நாள் இரவல் தந்தார்.

அப்போதெல்லாம் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடைகள் இருந்தன. வெறும் கசற்றையும் ஒரு பட்டியலையும் கொடுத்தால் மறுநாள் பதிந்து தருவார்கள். நான் தொண்ணூறு நிமிடக் கசற் ஒன்று வாங்கினேன். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். தொகுப்பிலிருந்த பாட்டுகளோ தொண்ணூறைத் தாண்டின. உறையில் அச்சிட்டிருந்த நிமிடங்களையும் விநாடிகளையும் பென்சிலால் கூட்டிக் கூட்டி, எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு முழுக் காலை கணக்குப் போட்டேன். முதல் பக்கத்தில் பன்னிரண்டு பாட்டு, ஒரு விநாடியும் வீணில்லை. இரண்டாம் பக்கத்தில் பதினொன்று. அதில் மூன்று நிமிடம் நாற்பது விநாடி மிஞ்சியது. என்ன செய்தும் அந்த இடத்தில் எதுவும் பொருந்தவில்லை.

கடைக்காரர் கேட்டார்: "மிச்சத்துக்கு என்ன அண்ணை போடுறது?"

"ஏதாவது போடுங்கோ. வெறுமையா மட்டும் விடாதேங்கோ."

நான் சொன்னது இவ்வளவுதான். கசற் வந்தபோது இரண்டாம் பக்கத்தின் முடிவில் ஒரு பாட்டு இருந்தது. மெதுவான கிற்றார், பிறகு வாய் ஆர்மோனியம், பிறகு தொண்டை கரகரத்த ஒரு மனிதன், பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய அலை. யார் பாடியது, எங்கிருந்து எடுத்தது, தெரியாது. உறைக்குள் இருந்த தாளில் இருபத்துமூன்று பாட்டுகளை எழுதிவிட்டு, இருபத்துநாலு என்று இலக்கம் போட்டு, அதற்கு நேரே 'படப் பாடல்' என்று எழுதினேன். இருபத்துமூன்றோடு நிறுத்த மனம் வரவில்லை. இருபத்துநாலு வட்டமான எண்.

பாட்டில் போட்ட தேதி

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தின் பாட்டு என்றால் அது அந்தப் படத்துக்கென்றே எழுதி, மெட்டமைத்து, பாடியது. அதற்குப் படத்தில் ஒரு கட்டம் இருக்கும். யாரோ மழையில் நனைவார்கள், யாரோ ரயிலேறுவார்கள். படம் பார்க்காதவர்கள்கூடப் பாட்டைக் கேட்டு அந்தக் கட்டத்தைச் சொல்லிவிடுவார்கள்.

நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. இன்ஜினியர் கதையைச் சொல்லியிருந்தார். அதை வைத்துக்கொண்டு ராணி இருபத்துநாலு பாட்டுக்கும் கட்டங்கள் பிரித்துக் கொடுத்தாள். இது அவன் படையில் சேருகிறபோது. இது ஹெலிகொப்டர். இது ஊர்வலம். இது தாய்க்குக் கடிதம் எழுதுகிறபோது.

"இந்தக் கடைசிப் பாட்டு எங்க வருது?" என்று என்னைக் கேட்டாள்.

"கடைசியிலதான்" என்றேன். அது பொய் இல்லை. கசற்றின் கடைசியில்தானே வந்தது.

"நான் நினைச்சனான். அவன் வீட்டுக்குத் திரும்பி வாறான். படலை திறந்துகிடக்கு. ஆக்கள் ஆரும் இருக்கினமோ இல்லையோ எண்டு தெரியாது. அப்பதான் இந்தப் பாட்டு."

அமெரிக்கச் சிப்பாயின் வீட்டுக்கு யாழ்ப்பாணத்து வேலிப் படலை. நான் திருத்தவில்லை. எங்கள் சொந்தப் படலை திறந்து கிடக்கிறதா, அல்லது இருக்கிறதா என்றே தெரியாத நாட்கள் அவை. கசற் தினமும் ஓடியது. மாலை நேரத்தில் ரயில் போகும் சத்தத்தில் ஒரு பாட்டின் நடு வரி எப்போதும் காணாமற் போகும். அந்த வரி என்ன என்று இன்றும் தெரியாது.

பல வருடங்களுக்குப் பிறகுதான் உண்மை புரிந்தது. அந்தத் தொகுப்பில் இருந்த இருபத்தெட்டில் ஒன்றுகூடப் படத்துக்காக எழுதியதல்ல. எல்லாம் அந்த யுத்த காலத்தில் வானொலியில் ஓடிய பழைய ரொக் பாட்டுகள். படக்காரர்கள் அவற்றைப் பொறுக்கியெடுத்துக் கோத்திருந்தார்கள். திரையில் ஆண்டை எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக ஒரு பாட்டைப் போடுவார்கள். பார்ப்பவர், ஓ, இது இன்ன வருடம் என்று தெரிந்துகொள்வார். தேதியை இலக்கத்தில் போடாமல் பாட்டில் போடுவது எனக்கு முதலில் ஒழுங்கீனமாகப் பட்டது. ஆனால் ராணி எப்போதும் அப்படித்தான். எங்கள் மகளுக்கு அம்மை போட்டது எந்த மாதம் என்று கேட்டால், எதிர்வீட்டு ரேடியோவில் என்ன பாட்டு ஓடியது என்று சொல்லுவாள்.

மெரிலேண்ட்ஸில் பதினொரு இடைவேளை

சிட்னிக்கு வந்த புதிதில் மெரிலேண்ட்ஸில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் பொதிகளை எண்ணிப் பதியும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. படித்த படிப்புக்கு ஏற்ற வேலையா என்று உறவினர் கேட்பார்கள். எண்ணுவதுதானே, எனக்குக் குறை இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தது. ராணி பகலிலேயே சமைத்து முடித்துவிட்டு, தன் இடது காது தொலைக்காட்சிப் பக்கம் இருக்கும்படி கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். விளம்பர இடைவேளைகள் பதினொன்று. ஒவ்வொரு பாட்டு வந்தபோதும் என் தொடையில் தட்டினாள். "நான் சொன்னனான் பாத்தீங்களே, ஊர்வலம்தான்!"

படம் முடிகிற நேரம் வந்தது. சிப்பாய் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பேருந்தில் ஏறி உட்கார்ந்தான். வேறொரு பாட்டு ஓடியது. பெயர்கள் மேலேறின.

"எங்க அந்தப் பாட்டு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். "விளம்பரம் போடுறதுக்காக வெட்டிப்போட்டாங்கள்" என்றேன்.

"நாசமாப் போவாங்கள். நல்ல கட்டத்தையே வெட்டினவங்கள்?"

அதன் பிறகு எந்தப் படம் வந்தாலும், எந்தச் செய்தி வந்தாலும், ராணி அந்தத் தொலைக்காட்சி நிலையத்தைத் திட்டாமல் விட்டதில்லை.

கசற் எங்கள் முதல் காரில் ஓடியது. அந்தக் காரை விற்றபோது உள்ளே இருந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியல் போட்டேன். குடை, வரைபடப் புத்தகம், பிள்ளையார், கண்ணாடித் துணி, மொத்தம் பதினொரு பொருள். பன்னிரண்டாவது, ரேடியோவின் வாய்க்குள் இருந்தது. கார் போன மூன்றாம் நாள்தான் நினைவு வந்தது.

குசினி மேசை

பரிசோதனைக்குப் போய் வந்த மறுநாள் மாலை மைதிலி வீட்டுக்கு வந்தாள். அவள் இப்போது பரமட்டாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். கைபேசியில் அந்தத் தொகுப்பை எடுத்து, ராணி இடது காதில் மாட்டியிருந்த பழைய காதுக் கருவியோடு இணைத்தாள். ராணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எங்கள் கசற்றில் இருந்த ஒவ்வொன்றின் முதல் இரண்டு வரியிலேயே முகம் தெளியும். கை தாளம் போடும். ஆனால் வாய், "இதில்லை" என்று சொல்லும்.

இருபத்தெட்டுத் தரம் "இதில்லை" என்றாள். நான் தேநீர்க் கோப்பையின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தட்ஸ் இற், அம்மா. இவ்வளவுதான் இருக்கு."

"ஒண்டை விட்டிட்டீர். வடிவாப் பாரும். கடைசிப் பாட்டு, அப்பாவின்ர லிஸ்ற்றில இருந்தது. இஞ்சருங்கோ, நீங்கள் சொல்லுங்கோவன் அவளுக்கு."

சொன்னேன். மிச்ச நாடா, கடைக்காரர், ஏதாவது போடுங்கோ, எல்லாம். உதட்டைப் பார்க்கிறவளுக்குச் சத்தம் தேவையில்லை, ஆனாலும் நான் சத்தமாகத்தான் சொன்னேன்.

ராணி கைபேசியைத் தூரத் தள்ளி வைத்தாள்.

"அப்ப ரிவிக்காரன் வெட்டேல்லை."

"இல்லை."

"இவ்வளவு வருசமும் அந்த மனுசனைத் திட்டினனான். அவன்ர பாவத்தை ஆர் சுமக்கிறது? நீங்களோ?"

மைதிலி இடையில் புகுந்தாள். "அம்மா, மற்ற இருபத்தெட்டும்கூட படத்துக்கு எண்டு எழுதினதில்லை. ஆரோ ஒரு ஆள் இருந்து பழைய பாட்டுகளில இருந்து ச்சூஸ் பண்ணினது. உங்கட பாட்டையும் ஒரு ஆள்தானே ச்சூஸ் பண்ணியிருக்கிறார். வட்ஸ் த டிஃபரன்ஸ்?"

"டிஃபரன்ஸ் இருக்கு" என்றாள் ராணி. "அந்த ஆள் என்னட்டைப் பொய் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு, காதிலிருந்து கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். எங்கள் வீட்டில் சண்டை முடிவது அப்படித்தான். மற்ற வீடுகளில் கதவைச் சாத்துவார்கள். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அது என் வாய் அசைவு மட்டுமே, அதையும் அவள் பார்க்கமாட்டாள்.

இரண்டு நாட்கள் மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் மாட்டிக்கொண்டு வந்தாள். "பொய்யோ மெய்யோ, அந்தப் பாட்டு எனக்கு வேணும். தேடித் தாங்கோ. பத்து நாள்தான் கிடக்கு."

வழக்கமாக நாட்களை எண்ணுகிறவன் நான். இந்த முறை அவள் எண்ணியிருந்தாள்.

நாலு நிமிடத்துக்கு எது, மூன்றுக்கு எது

கைபேசிக்கு முணுமுணுத்துக் காட்டினால் பாட்டைக் கண்டுபிடிக்குமாம். ராணி பாடிக் காட்டினாள். தன் குரலே தனக்குச் சரியாகக் கேளாத ஒருத்தி பாடினால் சுருதி எங்கே நிற்கும்? கைபேசி மூன்று பாட்டுகளைக் காட்டியது. ஒன்று ஸ்பானிய மொழியில் இருந்தது. நான் பாடிப் பார்த்தேன். அது ஒன்றையும் காட்டவில்லை.

வென்ட்வேர்த்வில்லில், ரயில் நிலையத்திலிருந்து இருநூற்றுப் பத்து அடி நடந்தால், குகனின் மளிகைக் கடை. முருங்கைக்காயும் மீனும் வாங்கப் போவேன். அவர் கொழும்பில் பாட்டுப் பதியும் கடையில் வேலை செய்தவர் என்று எப்போதோ சொல்லியிருந்தார். என் கடை அல்ல, அதற்கு எதிர்க் கடை. ஆனாலும் போனேன். அவர் கத்தரிக்காய்ப் பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒரு நாளைக்கு முப்பது கசற் ரேப் பதிஞ்சனாங்கள். இதில உங்கட ரேப்பை எதிர்க் கடைக்காரன் என்ன செய்தவன் எண்டு என்னட்டைக் கேக்கிறீங்கள்."

"மிச்சத்துக்கு என்ன போடுறனீங்கள் எண்டாவது சொல்லும், தம்பி."

அவர் பெட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அதுக்கு ஒரு முறை இருந்தது. மிச்சம் போடுறதுக்கெண்டே ஒரு ரேப் வச்சிருந்தனாங்கள். ரெண்டு நிமிசத்துக்கு ஒண்டு, மூண்டுக்கு ஒண்டு, நாலுக்கு ஒண்டு. தமிழ் ரேப்புக்குத் தமிழ்ப் பாட்டு, இங்கிலிஸ் ரேப்புக்கு இங்கிலிஸ் பாட்டு. அதில நாங்கள் நேர்மை. ஒரு கடை வச்சிருக்கிறதை மற்றக் கடை இரவல் வாங்கும். பகல் முழுக்கப் போட்டி, பின்னேரம் பாட்டு மாத்திறது. உங்களுக்கு எவ்வளவு மிச்சம்?"

"மூண்டு நிமிசம் நாப்பது செக்கன்."

குகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சாப்பிட்டது ஞாபகம் இல்லாத வயசில இதை வச்சிருக்கிறியள் அண்ணை."

இங்கிலிஸில் நாலு நிமிடத்துக்கு இரண்டு பாட்டு வைத்திருந்தார்களாம். ஒன்று அடிதடி, ஒன்று அமைதி. அவர் கைபேசியில் தேடி முதலாவதைப் போட்டார். கருவாட்டுப் பக்கம் நின்ற ஓர் அன்ரி திடுக்கிட்டுத் திரும்பினார். அதில்லை. இரண்டாவதைப் போட்டார்.

நாலாவது விநாடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. மெதுவான கிற்றார். வாய் ஆர்மோனியம். அந்தத் தொண்டை. கத்தரிக்காய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன், அது என் குணம். மூன்று நாற்பது வந்தது. பாட்டு நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

"இதென்ன, இன்னும் கிடக்கு?"

"முழுப்பாட்டு ஆறே கால் நிமிசம் அண்ணை. ரேப் எங்க முடியுதோ அங்க முடிஞ்சிடும். ஆர் கேக்கிறது? மிச்சத்துக்குப் போட்டதுதானே."

கணக்குப் போட்டேன். இரண்டு நிமிடம் முப்பத்தைந்து விநாடி. அதை நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. அது இருக்கிறதென்றே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை

சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு பிற்பகல், மைதிலி பாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ராணி வரவேற்பறை யன்னலோரம் உட்கார்ந்தாள். நான் எதிரே.

முதல் கிற்றாரில் அவள் கதிரையின் நுனிக்கு வந்தாள். பிறகு வாய் திறந்து, சத்தமில்லாமல், சொல் பிசகாமல் கூடவே பாடினாள். அவளுக்கு அந்த ஆங்கிலத்தில் பாதி விளங்காது. ஆனால் எல்லாம் மனப்பாடம். நான் அவளையும் பார்த்தேன், கடிகாரத்தையும் பார்த்தேன்.

மூன்று நாற்பதில் அவள் கை உயர்ந்தது. நாடா முடிந்து பொத்தான் மேலே குதிக்கிற அந்த 'டக்'குக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அவள் நெற்றி சுருங்கியது.

"என்ன இது? இரையுது. மிசின் பிழைச்சுப்போச்சு."

"பிழைக்கேல்லை. பாட்டு இன்னும் இருக்கு" என்றேன்.

"பாட்டில்லை. சும்மா இரைச்சல்."

மைதிலி எனக்கு விளக்கினாள். அம்மாவுக்கு மிச்சமிருக்கிற கேட்கும் திறனில் பாட்டு என்று ஒன்று உள்ளே போவதில்லை. சில துண்டுகள் போகின்றன. தெரிந்த பாட்டாக இருந்தால் மீதியை நினைவு நிரப்பிவிடும். தெரியாத பாட்டு வெறும் இரைச்சல்தான். அப்படியென்றால் இந்த மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் அவள் கேட்டது பெரும்பாலும் வெள்ளவத்தையில் கேட்டதைத்தான்.

"பிறகு என்ன பாடுறான்?" என்று ராணி என்னைக் கேட்டாள்.

இரண்டு காதும் நன்றாக இருந்தும், அந்தக் கரகரத்த தொண்டையின் ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. இந்த முறை பொய் சொல்லவில்லை. "விளங்கேல்லை" என்றேன்.

"சரி, விடுங்கோ. முந்திக் கேட்ட இடம் மட்டும் போட்டு நிப்பாட்டுங்கோ."

அப்படியே செய்தோம். மூன்று தரம். ஒவ்வொரு தரமும் மூன்று நாற்பதில் நான் நிறுத்தினேன். மூன்றாவது முறை முடிந்ததும் அவளே கருவியைக் கழற்றி, அதன் சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

எண்கள்

சிகிச்சை நன்றாக முடிந்தது. இடது காதின் பழைய கேட்கும் திறன் முழுதாகப் போனது. மூன்று வாரம் கழித்துப் புதுக் கருவிக்கு உயிர் கொடுத்தார்கள். நான் அவள் பெயரைச் சொன்னேன்.

"தகரத்துக்குள்ள வாத்துக் கத்திறமாதிரி இருக்கு" என்றாள். மைதிலி சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

மூளை பழக வேண்டும் என்றார்கள். வீட்டில் தினமும் பயிற்சி. அதில் ஒன்று, ஒருவர் முகத்தை மறைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எண்களைச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்வது. இப்படியொரு வேலைக்காக நான் எழுபது வருடம் காத்திருந்தேன் போலும். காலையில் அரை மணித்தியாலம், மாலையில் அரை மணித்தியாலம். முகத்தின் முன்னே பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு எண்களைச் சொன்னேன். முதல் வாரம் நூற்றுக்குப் பதினாறு சரி. இரண்டாம் மாதம் எண்பத்தொன்று. "எங்கட கலியாணத்துக்குப் பிறகு முதல் முறையா நீங்கள் எண்ணுறதைக் காது குடுத்துக் கேக்கிறன்" என்றாள்.

பேச்சு வந்தது. பின்னால் நின்று பேசினாலும் விளங்கியது. பாட்டு வரவில்லை. மைதிலி அந்தத் தொகுப்பிலிருந்து ஒன்றைப் போட்டபோது ராணி முழுதாகக் கேட்டுவிட்டு, "இது செத்தவீட்டில ஆரோ செத்தவரைப்போல நடிச்சுக் காட்டுறமாதிரி இருக்கு" என்றாள். ஒவ்வொரு சுரமும் அவளுக்குள்ளே இருந்த பழைய சுரத்தோடு மோதியது. தேவாரமும் அப்படித்தான். கோயிலில் பாடத் தொடங்கினால் தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றிவிடுவாள். எங்கள் வீட்டில் பல மாதங்கள் பாட்டே இல்லை. நான் சமைக்கும்போது விசில் அடிப்பவன், அதையும் விட்டேன்.

குளிர்காலத்தில் ஒரு பிற்பகல். ராணி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வரவேற்பறையில் கைபேசியில் அலாரம் வைக்கப்போய், எதையோ அழுத்த, குகன் கண்டெடுத்த அந்தப் பாட்டு ஓடத் தொடங்கியது. நிறுத்தத் தெரியாமல் கண்ட இடத்தையெல்லாம் அழுத்தினேன். அது குறையாமல் கூடியது.

"நிப்பாட்டுங்கோ உதை!" என்று குசினியிலிருந்து கத்தினாள். "நிப்பாட்டுங்கோ எண்டிறன், விசர் பிடிக்குது!"

"நிப்பாட்டத்தான் பாக்கிறன்!"

கைபேசி இறுகிப்போய் நின்றது. மனிதன் பாடிக்கொண்டே இருந்தான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவள் குசினியில் பாத்திரத்தை வேண்டுமென்றே தட்டினாள். மூன்று. மூன்று நாற்பது. அதைத் தாண்டியது.

பாத்திரச் சத்தம் நின்றது.

மீன் செதிள் ஒட்டிய கையோடு ராணி வாசலில் வந்து நின்றாள். நான் ஒருவழியாக நிறுத்தும் இடத்தைக் கண்டுபிடித்து விரலை வைக்கப்போனேன்.

"விடுங்கோ."

விட்டேன்.

"இது ஆர்? இது வேற பாட்டே?"

"அதேதான். ரேப்பில இல்லாத பகுதி."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் சுளிக்கவில்லை. மோதுவதற்கு உள்ளே எதுவும் இருக்கவில்லை. இந்த இரண்டு நிமிடம் முப்பத்தைந்து விநாடியை அவள் பழைய காது கேட்டதேயில்லை. புதுக் காது கொண்டுவந்ததுதான் அவளுக்குப் பாட்டு. நல்லதா கெட்டதா என்று ஒப்பிட வேறொன்று இல்லை.

முடிந்தது. "அந்தத் துண்டை மட்டும் திரும்பப் போடுங்கோ" என்றாள். விரலால் இழுத்து மூன்று நாற்பதில் கொண்டுவந்து விட்டேன். இந்த முறை கதிரையில் உட்கார்ந்து, மீன் கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஓரிடத்தில் வாத்தியங்கள் எல்லாம் அடங்கின. அவள் சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"எண்ணுறான்."

"என்ன?"

"அவன் எண்ணுறான், இஞ்சருங்கோ. வன், ரூ, த்றீ, ஃபோர். உங்களுக்குக் கேக்கேல்லையே?"

எனக்குக் கேட்டிருக்கவில்லை. குகனின் கடையில் ஒரு தரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம், இன்று இரண்டு தரம். நாலு தரம் கேட்டும், அந்த அமைதிக்குள் ஒரு மனிதன் மெதுவாக எண்ணுவது என் காதில் விழவில்லை. மறுபடி இழுத்துப் போட்டேன். இருந்தது. மூச்சுப்போலச் சின்னக் குரலில், வன், ரூ, த்றீ, ஃபோர்.

"நாலோட ஏன் நிப்பாட்டிப்போட்டான்?" என்று கேட்டாள்.

"அதுக்குப் பிறகு எண்ணத் தேவையில்லை. எல்லாரும் வாசிக்கத் தொடங்கிடுவாங்கள்."

"அப்ப நீங்களும் நிப்பாட்டுங்கோ" என்றாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து. "கேப்பம்."